கீழ்வரிசைக் குழி

“அக்கா, அப்பா இருக்காவ” என்றான் தம்பி.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் அம்மா கிடந்தாள். அன்று பிற்பகல் அடக்கம். குழி திறக்கிற இடத்தில் வீட்டு ஆள் ஒருவர் நிற்க வேண்டும் என்பதால் தம்பி கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தான். அங்கிருந்துதான் போனில் பேசினான். எங்கள் அப்பா செத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உறக்கம் கெட்டு உளறுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“எங்க இருக்காவ?” என்றேன்.

“இங்கதான். குழியில. பெட்டிக்குள்ள அப்படியே இருக்காவ. நீ வா அக்கா. இல்ல, நீ வரண்டாம்.”

போனை வைத்துவிட்டான்.

நான் பாதிக் காலம் நாகர்கோவிலிலும் மீதியை மஸ்கட்டிலும் நர்ஸாக ஓட்டியவள். செத்தவர்களுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடி விட்டிருக்கிறேன், தாடையைக் கட்டியிருக்கிறேன், கை ஆறுவதற்குள் மோதிரத்தைக் கழற்றி உறவுக்காரர்களிடம் கொடுத்திருக்கிறேன். டியூட்டி முடிந்தால் நேராகப் போய்ச் சாப்பிடவும் செய்வேன். அன்றைக்குப் போன் கையிலிருந்து நழுவி விழுந்து, ஃப்ரீசர் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. குனிந்து எடுத்தேன். காதுக்குப் பக்கத்தில் பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கெடாமல் இருப்பதற்காக நாங்கள் ஓடவிட்ட மோட்டார். தம்பியின் மகன் துபாயிலிருந்து வந்து முகம் பார்க்க வேண்டும் என்பதற்காக.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் சபையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கல்லறைத் தோட்டம் கையகலம். அதனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு குழிதான். வீட்டில் அடுத்தவர் போனால் அதே குழியைத் திறப்பார்கள். பழைய பெட்டி அதற்குள் உளுத்து மண்ணோடு போயிருக்கும். மிஞ்சிய எலும்பைப் பொறுக்கி, கழுவி, வெள்ளைத் துணியில் கட்டி, புதிதாக வருகிறவரின் கால்மாட்டில் வைத்து மூடிவிடுவார்கள். எலும்பு பொறுக்கப் புது பேசின் ஒன்று வாங்கிக் கொடுப்பது வீட்டாரின் பொறுப்பு. தம்பி முந்தின நாளே வடசேரிக்குப் போய்ப் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பேசின் வாங்கி வந்திருந்தான். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். எங்களுக்கு அது வீடு வெள்ளையடிக்கிற மாதிரி ஒரு வேலை.

அந்தக் கால்மாட்டு விஷயத்தில்தான் அம்மாவுக்குச் சம்மதமில்லை. கடைசி ஒரு வருஷம் படுக்கையில் இருந்தபோது இதை எத்தனை தடவை சொன்னாள் என்று கணக்கில்லை.

“அவிய உயிரோட இருக்கும்போதே என் காலடியில கெடக்கல்ல. செத்த பெறவு எதுக்குக் கொண்டு அங்க வைக்கணும்? என் பெட்டிக்குள்ளயே வச்சிருங்க. வலது பக்கம். கல்யாண போட்டோவுல நின்ன மாதிரி.”

சும்மா சொல்லவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து தன் கல்யாணச் சேலையை எடுக்கச் சொன்னாள். வெள்ளைப் பட்டு, பாச்சா உருண்டை வாசம். எலும்பை அதில்தான் கட்ட வேண்டும், கடையில் வாங்குகிற மல் துணி ஆகாது என்றாள். “செரிம்மா, செரிம்மா” என்றேன். அவளுக்கு அது போதவில்லை. “எலும்பு இருக்குமாட்டி? இல்ல, அதுவும் மண்ணாப் போயிருக்குமா?” என்று கேட்டாள். இதை அவள் கல்லறைத் திருநாள் தோறும் கேட்பாள். பூ வைத்துவிட்டு, கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்பாள். படித்தவள் அல்லவா நான், ஊரில் இருந்த ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில்தான் சொன்னேன்: “பெரிய எலும்பு ரெண்டு மூணு இருக்கும்மா. மிச்சமெல்லாம் மண்ணாயிருக்கும்.”

அவள் தலையாட்டுவாள். கல்லைத் தடவிவிட்டு எழுந்து வருவாள்.

எங்கள் ஊர் மேட்டில் இருக்கிறது, வயல் பள்ளத்தில். பழையாறு பெருகும்போதெல்லாம் தண்ணீர் பரப்பிக்கொண்டு போகிற பள்ளம் அது. அந்த வயல்பரப்பை ஏலா என்போம். தலைமுறை தலைமுறையாக ஆறு கொண்டுவந்து படிய விட்ட மண். பார்த்தால் கொழுத்த மண்தான், ஆனால் தண்ணீரைக் கீழே இறக்கத் தெரியாது. சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் போல, பெய்த மழையை மேலேயே வைத்துக்கொண்டிருக்கும். மண்வெட்டி போட்டால் முதலில் கறுப்பு, அதற்குக் கீழே சிலேட்டு நீலம். அந்த நீலத்துக்குள் பழைய நெல்வேர் போன தடமெல்லாம் துருப்பிடித்த நூலாகச் சிவந்து ஓடும். அழுகிய முட்டை நாற்றம் வரும். வெட்டி வரப்பில் போட்டால் வெயில் சாய்வதற்குள் நீலம் வெளிறித் தவிட்டு நிறமாகிவிடும். காற்றுப் பட்டால் நிறம் மாறுகிற மண்.

அதற்கு நெல் ஒன்றுதான் ஒத்துக்கொள்ளும். ஒருத்தர் ஏத்தன் வாழை வைத்துப் பார்த்தார். வேர் அழுகி, குலை தள்ளுவதற்கு முன்பே ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. மரச்சீனி நட்டவருக்குக் கிழங்கு நிலத்துக்குள்ளேயே கூழாகிப் போனது. செங்கல் சூளைக்காரர்கள் வந்து மண் கேட்டார்கள், கொஞ்ச காலம் கொடுத்தார்கள். கதம்பை ஊறப்போடுகிறவர்கள், அதாவது கயிறு திரிக்கத் தேங்காய் மட்டையை ஊறவைக்கிறவர்கள், ஏலாவின் மூலையில் குழி வெட்டி வைத்திருந்தார்கள். கோடையில் கன்றுக்குட்டியின் கால் மாட்டுகிற அளவுக்கு வெடிப்பு விடும். சின்ன வயதில் அப்படி ஒரு வெடிப்பில் என் செருப்பு ஒன்று விழுந்துவிட்டது. மழை பெய்து வெடிப்பும் மூடிக்கொண்டது. வெகு காலம் கழித்து உழவில் அது மேலே வந்தது, தோல் வார்கூட இற்றுப்போகாமல். அம்மா அதைக் கழுவிக் காயவைத்தாள். என் கால் அதற்குள் வளர்ந்துவிட்டது.

அப்பா தடி வியாபாரி. எங்கள் பக்கத்தில் மரத்தைத் தடி என்றுதான் சொல்வோம். அயினி, பிலா, பூவரசு எல்லாம் மேற்கேயிருந்து வாங்கி வருவார். வாங்கியதை உடனே அறுக்க மாட்டார். ஏலாவின் மூலையில் ஆள் இறங்கினால் இடுப்பு வரை போகிற சேற்றுக்குழி ஒன்று இருந்தது. தடியை அதில் இறக்கி, கல்லைக் கட்டித் தாழ்த்தி வைப்பார். ஒரு மழைக்காலம், ரெண்டு மழைக்காலம், சில தடியை அதற்கும் மேல். எடுக்கும்போது கரியாகக் கறுத்து, மூக்கைப் பிடிக்கவைக்கிற நாற்றத்தோடு வரும். நிழலில் ஆறவிட்டு அறுத்தால் உளு ஏறாது, கறையான் கிட்ட வராது. தடி வாங்க வருகிறவர்கள் விலையைக் குறைக்கச் சொன்னால் அப்பா ஒரே ஒரு வசனம்தான் பேசுவார்.

“காத்துத்தான் ஓய் எல்லாத்தையும் தின்னும். நம்ம சேத்துக்குள்ள காத்துக்கு என்ன வேல? வச்சது வச்ச மாதிரி இருக்கும்.”

ஊரில் பாதி வீட்டின் உத்தரமும், கட்டளை என்கிற கதவு நிலையும் அந்தச் சேற்றில் கிடந்து வந்ததுதான். அவர் செத்தபோது பெட்டி செய்யவும் அந்தத் தடியைத்தான் எடுத்தார்கள். தன் அறுப்பு மில்லில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஆசாரி அங்கேயே நின்றார், தடியும் அங்கேயே கிடந்தது. கனத்த அயினிப் பலகை. இவ்வளவு நல்ல பெட்டி நம்ம சபையில் யாருக்கும் கிடைத்ததில்லை என்று துட்டிக்கு வந்தவர்கள் அம்மாவிடம் சொன்னார்களாம்.

சொன்னார்களாம் என்கிறேன், ஏனென்றால் நான் அங்கே இல்லை. வடக்கே ஒரு ஊரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். தந்தி கிடைத்து, பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ஐப்பசி மழை, ஃப்ரீசர் பெட்டி இல்லாத காலம், வைத்திருக்க முடியவில்லை. நான் பார்த்தது ஈர மண்மேட்டைத்தான். முகம் பார்க்கவில்லை. நம் ஆட்களுக்குத் தெரியும் அது என்ன குறை என்று. அம்மாவும் அதை ஆற்றுவதற்கு என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். “போட்டு சவம், நீ கடைசியா பாத்த முகம் சிரிச்ச முகமாக்கும். அது போதும் உனக்கு” என்பாள். எனக்கு அது போதவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் மேல்வரிசைக் கல்லறைகள் ரோட்டை ஒட்டி, செம்மண் மேட்டில் இருப்பவை. அங்கே திறந்தால் எலும்புதான் கிடைக்கும். பேசின் கணக்கெல்லாம் அங்கே பழகினதுதான். அது நிறைந்த பிறகு ஏலாவை ஒட்டிப் பள்ளத்தில் கீழ்வரிசை ஆரம்பித்தார்கள். அந்தப் பள்ளமும் யாரோ ஒரு நிலக்காரர் அந்தக் காலத்தில் சபைக்குக் கொடுத்தது. நெல்கூட நிற்காத மூலை, அதனால் தர்மம் செய்ய மனசு வந்திருக்கும். கீழ்வரிசையில் முதல் குழி அப்பாவுடையது. பெட்டியை இறக்கும்போதே அடியில் தண்ணீர் ஊறியது என்று தம்பி சொல்லியிருக்கிறான். பிறகு சுற்றிலும் வயலைச் செம்மண் போட்டு நிரப்பி வீட்டுமனை ஆக்கினார்கள். ஓடை அடைந்தது. கீழ்வரிசை மழைக்காலம் முழுக்கத் தண்ணீருக்குள் நிற்க ஆரம்பித்தது. அந்த வரிசையில் எந்தக் குழியையும் இதுவரை திறந்ததில்லை. அம்மாவுக்காகத் திறந்ததுதான் முதல் தடவை.

இவ்வளவும் ஊருக்கே தெரிந்த விஷயங்கள். சேற்றுக்குள் தடி கெடாது என்று தெரியும். செருப்புகூடக் கெடாது என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். அதே சேற்றில் அயினிப் பெட்டிக்குள் ஒரு மனுஷனை வைத்துவிட்டு, முப்பது வருஷம் கழித்துப் பேசினும் கையுமாகப் போய் நின்றோம். இதைச் சேர்த்து யோசிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

தம்பி வரண்டாம் என்றதும் நான் நிற்பேனா. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனேன். கேட்டுக்கு வெளியிலேயே முட்டை நாற்றம். வயலில் ஓடுகிற டீசல் பம்பைக் கொண்டுவந்து குழித் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிப் போட்ட மண் ஒரு பக்கம் நீலக் குவியலாகக் கிடந்தது. மேற்புறம் அப்போதே வெளிற ஆரம்பித்திருந்தது. பச்சைப் பேசின் குப்புறக் கிடந்தது. குழி வெட்டுகிறவர் அடுத்த கல்லறையின் மேல் உட்கார்ந்து, பற்றவைத்த பீடியை இழுக்காமல் விரலிலேயே வைத்திருந்தார். எங்கள் ஊரில் பஸ் வராவிட்டால் சவம், மிக்ஸி ஓடாவிட்டால் சவம், எதற்கெடுத்தாலும் சவம்தான். அன்றைக்கு அங்கே நின்றவர்கள் வாயில் அந்தச் சொல் வரவில்லை.

“கம்பிய வச்சுத் தட்டினேன் அக்கா” என்றார் அவர். “தட்டினா தடி சத்தம் குடுக்கு. உள்ள வெறும் எலும்புதான கெடக்கும்னு மூடியப் பேத்துட்டேன். இத்தன வருஷத்துல இப்படி ஒண்ணு நான் கண்டதில்ல.”

தம்பி என் கையைப் பிடித்தான். “பாக்கண்டாம் அக்கா.”

“ஏலே, விடு.”

பெட்டி கரியாக இருந்தது. மூடியை ஒரு பக்கமாகத் தூக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். முதலில் சட்டை தெரிந்தது. டெரிலின் சட்டை, நீலக் கட்டம் போட்டது, சேறு வடிந்த இடத்தில் கட்டம் தெளிவாகத் தெரிந்தது. அதன் மேல் கை. வெளுத்து, பார் சோப்பின் நிறத்தில். எங்கள் படிப்பில் இதைப் பற்றி ஒரு வரி வரும்: காற்றுப் புகாத ஈரத்தில் உடம்பின் கொழுப்பு மெழுகாக உறையும் என்று. மார்க்குக்காகப் படித்த வரி. இடது கையில் பெருவிரல் பாதிதான் இருந்தது. மீதியை அறுப்பு வாள் கொண்டுபோனபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அந்தக் கட்டையான விரலால்தான் எனக்குத் தலையில் குட்டுவார்.

பிறகு முகத்தைப் பார்த்தேன். முகம் இருந்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

எனக்கு முதலில் வந்தது அழுகையும் இல்லை, பயமும் இல்லை. கோபம். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மண்ணாயிருக்கும், மண்ணாயிருக்கும் என்று வருஷா வருஷம் அம்மாவுக்கு நான் பாடம் நடத்தியபோதெல்லாம் மனுஷன் கல்லுக்கு அடியில் இப்படியே படுத்துக் கிடந்திருக்கிறார். அவள் கையை வைத்த கல்லுக்கு நேர் கீழே. தலையில் முடி கறுப்பாக ஒட்டியிருந்தது. எனக்கு நரைத்து எவ்வளவோ நாளாயிற்று. அப்பாவைவிட நான் மூத்தவளாகிவிட்டேன் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. அந்த நீல மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஐயர் வந்தார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். சின்ன வயது, புதிதாக வந்தவர். எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிக்கொண்டார். பின்னாலேயே சபை செக்ரட்டரி. இரண்டு பேரும் ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள்.

“இத மூடிருவோம் அம்மா” என்றார் ஐயர். “பின்மதில் பக்கம் மேட்டுல சபை ஒதுக்கி வச்ச எடம் கொஞ்சம் இருக்கு. அம்மாவ அங்க வைக்கலாம். கமிட்டிட்ட நான் பேசுகேன்.”

செக்ரட்டரி குரலைத் தாழ்த்தினார். “வெளிய தெரியண்டாம். புண்ணியவான்னு சொல்ல நாலு பேரு வருவான், சாபம்னு சொல்ல நாலு பேரு வருவான். நமக்கு எதுக்கு?”

தம்பி உடனே சரி என்றான். எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

“ஒரு வருஷமா அம்மா கேட்டது உன் காதுல விழல்லியா? மேட்டுல கொண்டு தனியா வைக்கணுமா அவள?”

“அம்மா எலும்பக் கேட்டா அக்கா” என்றான். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “துணியில கெட்டிப் பக்கத்துல வைக்கத்தான் கேட்டா. இதையா கேட்டா?”

“அவ கேட்டது அப்பாவ.”

அவன் குழியைத் திரும்பிப் பார்த்தான்.

பெட்டி மேல் பெட்டி வைக்கவும் முடியாது. வழக்கமாக அடியில் இருக்கும் பெட்டி உளுத்து இடம் விட்டிருக்கும். இது செய்த அன்றைக்கு இருந்த உயரத்திலேயே இருந்தது, மேலே இன்னொன்று வைத்தால் தரைக்கு மேலே நிற்கும். குழியைப் பக்கவாட்டில் அகலமாக்க முடியுமா என்று கேட்டேன். வெட்டுவது கஷ்டமில்லை, வெண்ணெய் மாதிரி வரும், ஆனால் நனைந்த மண் நிற்காது, சரிந்து ஆளின் மேல் விழும் என்றார் குழி வெட்டுகிறவர். தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு போனான். பழைய மில்லிலிருந்து பலகையும் முட்டுக்கட்டையும் லோடு ஆட்டோவில் வந்தன. இடது பக்கத்தில் வெட்ட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அப்பா அவளுக்கு வலது பக்கம் வருவார்.

சேலையை எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன்.

கூடத்தில் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். துபாய்ப் பையன் வந்து, பாட்டியின் முகம் பார்த்து அழுது முடித்து, மூலையில் உட்கார்ந்திருந்தான். நான் அலமாரியைத் திறந்து சேலையை எடுத்தேன். வெளியே போக வேண்டியவள், ஃப்ரீசர் பெட்டி பக்கத்தில் நின்றுவிட்டேன். கண்ணாடிக்கு உள்ளே பனி படிந்திருந்தது. மேலே இருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டுக் குனிந்தேன்.

“அம்மா, அப்பா இருக்காவ” என்றேன்.

நான் அழுகிறேன் என்று நினைத்துப் பெண்கள் பாட்டைச் சத்தமாக்கினார்கள்.

“மண்ணாகல்ல அம்மா. நான் சொன்னது தப்பு. அப்படியே இருக்காவ. சட்டைகூட இருக்கு. நான் முகம் பாத்துட்டேன்.”

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

பெண்கள் குழியில் இறங்குகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ஏணியில் நான் கால் வைத்தபோது ஐயரும் தடுக்கவில்லை, செக்ரட்டரியும் தடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து யாருக்கும் தைரியம் வந்திருக்காது. அடிச்சேறு கணுக்காலைப் பிடித்து இழுத்தது. சேலையின் முந்தானைப் பக்கத்தை விரித்து அப்பாவின் மேல் போட்டேன், தலையிலிருந்து கால் வரைக்கும். அந்தப் பாதி விரலை மட்டும் ஒரு தடவை தொட்டேன். சில்லென்று, வழுவழுவென்று இருந்தது. மீதிச் சேலையைப் பெட்டியின் இடது விளிம்பு வழியாக வெளியே விட்டு, மேலே தம்பியிடம் நீட்டினேன். அவனுக்கு விளங்கிவிட்டது. வாங்கி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். மூடியைச் சேலையின் மேலேயே இறக்கிவைத்தார்கள். ஆணி அடிக்கவில்லை.

பிற்பகலில் கூட்டம் வந்தது. குழி ஏன் இவ்வளவு அகலம், பலகை எதற்கு என்று கேட்டவர்களுக்குச் செக்ரட்டரி ஏதோ சொல்லிச் சமாளித்தார். அம்மாவின் பெட்டியைக் குழிக்கரையில் வைத்துக் கடைசியாக முகம் காட்டினார்கள். எல்லாரும் பார்த்து முடித்ததும் தம்பி சேலையின் மறு முனையைக் கொண்டுவந்தான். நான் அம்மாவின் வலது கைக்குள் அதைச் செருகி, விரல்களை மடக்கிவிட்டேன். குளிரில் விறைத்த விரல், மடங்கச் சிரமப்பட்டது. ஏதோ வீட்டு வழக்கம்போல என்று கூட்டம் பார்த்துக்கொண்டு நின்றது. கயிற்றில் பெட்டி இறங்க இறங்க, சேலையும் தளர்ந்து தளர்ந்து கூடவே இறங்கியது. அவள் அப்பாவின் இடது பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஐயர் ஜெபம் வாசித்தார். மண்ணுக்கு மண்ணாக என்கிற இடம் வந்ததும் நிறுத்தினார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு புத்தகத்தில் இருந்ததை வாசித்து முடித்தார். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். காலையில் நீலமாக வெட்டிப் போட்டது அதற்குள் தவிட்டு நிறமாகியிருந்தது.

ஈரம் வற்றிய பிறகு கல்லறை கட்ட வேண்டி தம்பியும் நானும் கொத்தனாரோடு போயிருந்தோம். செக்ரட்டரியும் வந்தார். அடுத்த திறப்புக்கு வசதியாக மேலே கழற்றுகிற சிலாப் போடுவதுதான் எல்லாக் கல்லறைக்கும் வழக்கம்.

“சிலாப்தான போடணும்?” என்று கேட்டார்.

“வேண்டாம். முழுசா கெட்டி அடைச்சிருங்க” என்றேன்.

“அப்போ இனி இத எப்பவும் திறக்க முடியாதே அம்மா. நாளைக்கு உங்களுக்கு?”

“என்னை மேட்டுல வையுங்க. இத திறக்கண்டாம்” என்றேன். “உள்ள ரெண்டு பேரும் இருக்காவ.”

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி கொத்தனாரிடம் சிமெண்டைக் குழைக்கச் சொன்னான்.